'மலை' மலையேறலாமா?

வேலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது அமிர்தி. அங்கே ஓர் ஓடை உண்டு. 1967-இல் தொடங்கப்பெற்ற விலங்குக் காட்சியகமும் உண்டு. வெளியூரிலிருந்து வந்திறங்குவோர் மானும் மயிலும் கண்டு, ஓடையில் கால் நனைத்து, பொழுது சாயுமுன் திரும்பிவிடுவர். அவர்கள் வாயில் 'மலை' என்பது கண்ணாற் காணும் ஒரு காட்சி, அவ்வளவே. ஆனால், அவ்வடிவாரத்தில் வாழும் ஒருவர் 'மலைக்குப் போய்வருகிறேன்' என்று சொன்னால், முகட்டில் ஏறிக் கொடி நாட்டப் போகின்றார் என்பது அதன் பொருளன்று. விறகுக்கோ, கடுக்காய்க்கோ, மாடு மேய்க்கவோ, மேலேயுள்ள உறவினர் வீட்டு மணத்திற்கோ போகின்றார் என்பதே பொருள். இதே சொற்றொடரைக் கார்த்திகைத் திங்களில் மாலையணிந்த ஒருவர் சென்னையிற் சொன்னால், அது சபரிமலையைக் குறிக்கும். 'மலை சுற்றப் போகிறேன்' என்று வட ஆர்க்காட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னால், எந்த மலை என்று எவரும் கேளார், அஃது அண்ணாமலையே. சொல் ஒன்று, இடம் மாற, வாய் மாற, உடன்வரும் வினை மாறப் பொருளும் மாறுகின்றது.

இவ்வியல்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. தம் நிலப்பரப்பில் முக்கால் பங்கிற்கு அணித்தாக மலையே கொண்ட சப்பானியர்க்கும் இத்தகைய பெயர்ச்சொல் ஒன்றுண்டு. 'யாமா' என்பது அது. மலை என்பதே அதன் முதற்பொருள். ஆயினும், அம்மக்கள் வாழ்வில் அச்சொல் புகாத இடமில்லை.

கடைக்காரர் கிச்சிலிப் பழங்களைக் குவித்து வைத்து 'ஒரு யாமா இவ்வளவு விலை' என்பார். நம் சந்தையில் 'ஒரு கூறு' என்போமே, அது. கடும் நோயுற்றவரைப் பார்த்த மருத்துவர் 'இன்றிரவுதான் யாமா' என்றால், இந்த இரவைக் கடந்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்பது பொருள். கதையின் உச்சக் கட்டமும் யாமாவே. தேர்வுக்கு எல்லாப் பாடத்தையும் படியாது, இன்னின்ன வினாக்கள்தாம் வரும் என்று கணித்து அவற்றை மட்டும் படிக்கும் மாணவன் யாமாவைப் பணையம் வைக்கின்றான். சுரங்கத் தொழிலாளிக்குச் சுரங்கமே யாமா. அங்குக் கனியம் கிடைக்கும், இங்குக் கிடைக்கும் என்று கணித்துத் தோண்டியவனை 'யாமாசி' என்றனர். அவன் கணிப்பை நம்பிக் கைப்பொருளை இழந்தவர் பலராதலின், நாளடைவில் அச்சொல்லே ஏமாற்றுக்காரனைக் குறிப்பதாயிற்று. காவலர்தம் குழூஉக்குறியில், துப்புத் துலக்க வேண்டிய வழக்கு ஒரு யாமா. கியோத்தோ நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் கியோன் விழாவில் வீதியுலா வரும் அணியூர்திகளில் ஒருவகைக்கும் யாமா என்றே பெயர். பழங்கதைக் கிழவர் விறகு பொறுக்கப் போவதும் யாமாவிற்கே. அது முகடன்று, ஊரையடுத்த காடு. நம் அமிர்தி அடிவாரத்தார் 'மலைக்கு'ப் போவதும் இதுவேயன்றோ!

இவற்றையெல்லாம் கேட்டதும், 'ஒரு சொல்லுக்கு இத்துணைப் பொருளா! குழப்பமாகாதோ?' என்று வினவுவார் உளர். குழப்பமாகாது. ஏனென்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே வகுத்துரைத்துவிட்டார். பலபொருள் ஒருசொல்லை அவர் இரண்டாகப் பகுத்தார். ஒன்று, உடன்வரும் வினையாலேயே இன்ன பொருளென்று தெளிவாவது. மற்றொன்று, வினை தெளிவுறுத்தாவிடத்து வெளிப்படையாக எடுத்துக் கூற வேண்டுவது. உரையாசிரியர் 'மா' என்னும் சொல்லைக் காட்டுவர். மா பூத்தது என்றால் மரம். மா வீழ்ந்தது என்றால் மரமோ விலங்கோ என ஐயமாம். ஆண்டு விளக்கிச் சொல்க என்பர். வினையும் இனமும் சார்பும் பொருளைக் காட்டும் என்னும் அந்நெறி, நெடுந்தொலைவிலுள்ள சப்பானியத்திற்கும் பொருந்துகின்றது. யாமாவில் ஏறினான் என்றால் மலை. யாமாவைக் கடந்தான் என்றால் இடர். யாமாவைப் பணையம் வைத்தான் என்றால் கணிப்பு. இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுடைய நம் இலக்கணம் எத்துணைப் பொதுமையானது என்பதற்கு இஃதொரு சான்று.

நம் நிகண்டு நூலாரும் இதனை நன்கறிந்திருந்தனர். திவாகரம் தன் பதினோராம் தொகுதியை ஒருசொல் பல்பொருளுக்கென்றே ஒதுக்கிற்று. பின்வந்த பிங்கலமும் சூடாமணியும் அவ்வழிச் சென்றன. பொருட்பன்மை என்பது மொழியின் குறையன்று. அது மொழியின் செல்வம் என்று அறிந்த மாந்தர் அவர்.

ஈண்டு நாம் வற்புறுத்த விழைவது இதுவே: ஒரு சொல் எத்துணைப் பொருளைச் சுமந்து வேலை செய்கின்றதோ, அத்துணை உயிர் அதற்கு உண்டு. வேலைகள் ஒவ்வொன்றாகப் பறிபோய், அகரமுதலியில் ஒரு பொருள் மட்டும் எஞ்சும்போது, சொல் சாகத் தொடங்குகின்றது. அயற்சொல்லை வெளியேற்றுவது மட்டுமே தூய்மையன்று. நம் சொல்லுக்குரிய வேலையனைத்தையும் அதற்கே மீட்டுக் கொடுப்பதுதான் முழுத் தூய்மை.

இவ்வளவுகோலால் நம் 'மலை'யை அளந்து பார்ப்போம்.

தமிழ் மக்கள் வாயில் இச்சொல் எத்துணை எழிலாக வேலை செய்திருக்கின்றது! விளக்கு அணைந்துவிட்டது என்று சொல்ல மனம் வராமல் 'விளக்கு மலையேறிவிட்டது' என்றனர் நம் பாட்டிமார். அருள் வந்து ஆடியவர் அடங்கினால் 'சாமி மலையேறிவிட்டது' என்பர். 'அந்தக் காலம் மலையேறிவிட்டது' என்பது இன்றும் நாட்டு வழக்கு. ஒருவரை முழுமையாக நம்பினால் 'மலைபோல் நம்பினேன்'. களத்தில் நெல் குவிந்தால் 'மலைமலையாய்க் குவிந்தது'. பெருந்துன்பம் எளிதில் நீங்கினால் 'மலைபோல் வந்தது பனிபோல் போயிற்று'. இனி, மலை என்பது வினையாயின் அதன் பரப்பு இன்னும் பெரிது. போர்செய்தலும் மலைதலே, பூச்சூடுதலும் மலைதலே, திகைத்து நிற்றல் மலைத்தல்.

மலையைக் குறிக்கும் பிற சொற்களும் இவ்வாறே. குன்று, குன்றம், வரை, வெற்பு, பொருப்பு, ஓங்கல், பிறங்கல், அடுக்கம், சிலம்பு, கோடு என எத்துணைப் பெயர்! அவற்றுள் 'கோடு' மலைமுகடு, யானையின் தந்தமும் கோடு, மரக்கிளையும் கோடு, நீர்க்கரையும் கோடு, வரைந்த வரியும் கோடு. 'சிலம்பு' மலை, காலணியும் சிலம்பு, ஒலித்தலும் சிலம்புதல். இங்குச் சற்றே நின்று எண்ணுக. எதிரொலிக்குச் சப்பானியர் 'யாமாபிகோ' என்பர். அதனுள்ளும் மலை நிற்கின்றது. மலையையும் ஒலியையும் ஒன்றாக வைத்துக் கேட்ட செவி நமக்கும் இருந்தது, அவர்க்கும் இருந்தது.

அச்செவியின் பெருமைக்குச் சவ்வாது மலைச்சாரலே சான்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், இம்மலையடியிலுள்ள செங்கத்தைச் செங்கண்மா என்னும் பெயரால் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னனைப் பாடியது. 583 அடிகளையுடைய அப்பாட்டில் பெருங்கௌசிகனார் மலையை யானையாகவும், அதில் எழும் பலவகை ஒலிகளை அவ்வானையின் மதமாகவும் உருவகித்தார். அதனாலேயே நூலுக்கும் அப்பெயர் வந்தது. இன்று அமிர்திக்குச் செல்லும் வழியில் ஊர்தியின் ஊதொலிக்கு நடுவே அவ்வொலிகளை யார் கேட்கின்றனர்?

நன்னனின் மலைக்கு நவிரம் என்று பெயர். அதனை இன்றைய பருவதமலை என்று அறிஞர் கொள்வர். பருவதம் என்பது வடமொழியில் மலை. ஆகவே, பருவதமலை என்றால் 'மலைமலை'! நவிரம் என்னும் தன் பெயர் போயிற்று, அயற்பெயர் வந்தது, வந்த பெயரின் பொருள் விளங்காமையால் மக்கள் பின்னும் ஒரு மலையைச் சேர்த்துக்கொண்டனர். ஒரு மலை தன் பெயரை இழந்த வரலாறு முழுதும் இவ்வொரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றது.

இஃதொன்றா, இரண்டா? முதுகுன்றம் விருத்தாசலம் ஆயிற்று. அண்ணாமலைக்கு அருணாசலம் என்று மறுபெயர் இட்டனர். நீலமலை நீலகிரி ஆயிற்று. 'மலைசுற்று' என்று மக்கள் வாய் சொல்ல, வழிகாட்டிப் பலகைகள் 'கிரிவலப் பாதை' என்கின்றன. அசலம் என்றால் வடமொழியில் அசையாதது என்று பொருள். அசையாதது என்னும் பெயருடைய ஒன்று வந்து, அசையாது நின்ற நம் மலையை அசைத்துவிட்டதே! இதனினும் பெரிய முரண் வேறுண்டோ?

எனினும் ஒன்றை நோக்குக. எவராவது 'அசலத்தில் ஏறினேன்' என்பரோ? 'கிரிபோல் நம்பினேன்' என்பரோ? 'விளக்குப் பருவதமேறிவிட்டது' என்பரோ? சொல்லார். வடசொல் பெயர்ப்பலகையில் ஏறி அமர்ந்ததே தவிர, வேலைக்கு இறங்கவில்லை. வேலை முழுதும் மலையே செய்தது. சிறப்பு மட்டும் அசலத்திற்குப் போயிற்று. உழுதவன் ஒருவன், அறுத்தவன் மற்றொருவன்!

சப்பானிலும் இதனையொத்த நிகழ்ச்சியொன்று உண்டு. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகட்கு அணித்தாகச் சீன எழுத்தும் சீனச் சொற்களும் அம்மொழியுட் புகுந்தன. இன்று அவர்தம் அகரமுதலிச் சொற்களுள் ஏறத்தாழப் பாதி சீன வழியின. மலைக்குரிய சீன எழுத்தை 'யாமா' என்றும் படிக்கலாம். சீன ஒலிப்பின்வழி வந்த 'சான்' என்றும் படிக்கலாம். 3,776 மீட்டர் உயரமுள்ள அவர்தம் தலைமலையைப் பூசிசான் என்கின்றனர். அந்தச் 'சான்' மதிப்புரவுச் சொல் என்று பலர் எண்ணுகின்றனர், அன்று, அது சீன வழிவந்த மலைப்பெயரே. ஆக, அங்கும் அயற்சொல் தலைமலையின் பெயரில் அமர்ந்துவிட்டது. ஆனால், அம்மக்கள் யாமாவைக் கைவிட்டாரல்லர். யாமாதா, யாமாமோத்தோ, யாமாகுச்சி எனத் தம் குடிப்பெயர்களில் அதனைப் பொறித்து வைத்துள்ளனர். 2014-இல் சட்டமியற்றி, 2016 முதல் ஆகத்து 11-ஆம் நாளை மலைநாள் என நாட்டு விடுமுறையாக்கியபோதும், அந்நாளுக்குச் சீனவழிச் சொல்லை இடாமல் 'யாமா' என்னும் தம் சொல்லையே இட்டனர். கடைத்தெருவிலும் சுரங்கத்திலும் வேலை செய்த சொல்லை அரசவையிலும் அமர்த்தினர் என்க. நாம் செய்யத் தவறியது இதுவே.

இவ்விடத்தில் நம்மவர்க்கே ஓர் எச்சரிக்கை. யாமா, மலை ஆகிய இரு சொற்களும் இத்துணை ஒத்து நடப்பதைக் கண்டவுடன், 'யாமா என்பதே மலையின் திரிபு. சப்பானியம் தமிழின் கிளை' என்று முழங்கத் தொடங்குவார் நம்முள் இருத்தல் கூடும். அது வேண்டா. ககுசுயின் பல்கலைக்கழகப் பேராசிரியராகிய சுசுமு ஓனோ என்னும் சப்பானிய அறிஞர் தமிழைக் கற்று, இரு மொழிகட்கும் உறவுண்டு என்று பல ஆண்டுகள் ஆய்ந்து எழுதினார், 2008-இல் மறைந்தார். அவர் உழைப்பு நம் நன்றிக்குரியது. ஆயினும், மொழிநூலார் பெரும்பாலோர் அம்முடிபை ஏற்கவில்லை என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஓசை ஒத்த சொற்களை அடுக்கிவிட்டால் உறவு நிலைபெற்றுவிடாது. தமிழின் பெருமைக்கு அயல்மொழி எதுவும் தமிழ்க் குழந்தையாதல் வேண்டுவதில்லை. சப்பானியரிடம் நாம் தேட வேண்டியது குருதியுறவு அன்று, பாடம். தம் சொல்லைத் தம் உழைப்பில் வைத்து வாழ்வித்த பாடம்.

அப்பாடத்தின் மறுபக்கமும் அங்கேயே உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆங்கிலத்தைப் பகைவர் மொழியென்று ஒதுக்கினர். 1943-இல் அடிப்பந்தாட்டக் களத்திலும் ஆங்கிலக் குறியீடுகளை விலக்கிச் சப்பானியச் சொற்களை வழங்கினர். 1945-இல் போர் முடிந்தது. ஆங்கிலக் குறியீடுகள் மீண்டுவிட்டன. ஆணையால் வந்தது ஆணையோடு போயிற்று. யாமாவோ எந்த ஆணையாலும் வந்ததன்று. ஆகலின், எந்த ஆணை மாற்றத்தாலும் போகவுமில்லை. பலகையை மட்டும் மாற்றிவிட்டு வீட்டிற்குத் திரும்பும் தனித்தமிழன்பர் இதனை நெஞ்சிற் பதித்தல் நன்று.

நம் இயக்கத்தின் பிறப்பிலேயே 'மலை' நிற்பதை எண்ணிப் பாருங்கள். 1916-இல் வேதாசலம் என்னும் பெயரை நீக்கி மறைமலை என்று பூண்டாரே அடிகளார்! வேதத்திற்கு மறை, அசலத்திற்கு மலை. வெற்பு என்றோ பொருப்பு என்றோ ஓங்கல் என்றோ அவர் வைத்துக்கொள்ளவில்லை. அச்சொற்களை அறியாதவரும் அல்லர். சேற்றிற் கால் வைத்த உழவன் வாயிலும் வழங்கும் சொல்லையே தமக்குப் பெயராகத் தேர்ந்தார். தூய்மை என்பது வழக்கற்ற சொல்லை ஏட்டிலிருந்து தோண்டியெடுத்துச் சூடுவதன்று. வழங்கும் சொல்லைத் தலைமேல் தூக்கி வைப்பது. அப்பெயர் நமக்கு விட்டுச்சென்ற நெறி அது.

அங்ஙனமாயின், 'மலை' என்னும் சொல்லை இன்றும் முழுப்பொருளோடு வழங்குவோர் யாவர்? சவ்வாது மலையில் ஏறிப் பார்த்தால் விடை கிடைக்கும். அங்கு வாழும் பழங்குடி மக்கள் தம்மை 'மலையாளி' என்கின்றனர். மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்பது அதன் பொருள். அவர்தம் மொழி தமிழ். 1909-இல் வெளிவந்த எட்கர் தர்சுடனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய பெருந்தொகுப்பே இவர்களைத் தமிழ் பேசும் மலைமக்கள் என்று குறித்துவிட்டது. ஆனால், சமவெளியில் வாழும் நம்மவருட் பலர் அப்பெயரைக் கேட்டதும் 'கேரளத்தவரோ?' என்கின்றனர். ஒரே சொல்லுக்கு இரு பொருள். அவற்றுள் நம் உடன்பிறந்தாரைக் குறிக்கும் பொருள் நமக்கே மறந்துவிட்டது. தொல்காப்பியர் சொன்ன இனத்தையும் சார்பையும் நோக்கும் பழக்கம் நம்மிடமிருந்து மலையேறிவிட்டது!

இது வெறுஞ்சொல் விளையாட்டன்று. அச்சொல்லின்மேல் உரிமையே நிற்கின்றது. பட்டியற் பழங்குடிகளின் அரசாணைப் பட்டியலில் 'மலையாளி' என்னும் பெயர், தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள் என்னும் எல்லைக்குறிப்போடு இடம்பெற்றது. அவ்வெல்லைக்கு வெளியே, ஈரோட்டு மாவட்டத்துப் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் அதே பெயரினர், பழங்குடிச் சான்று வேண்டிப் பல்லாண்டுகளாகக் குரலெழுப்பி வந்துள்ளனர். ஒரே சொல், ஒரு மலையில் அஃது உரிமை, மற்றொரு மலையில் அது வெறும் ஓசை. சொல்லின் பொருளை யார் வரையறுக்கின்றனர் என்பது வயிற்றையும் கல்வியையும் தொடும் வினா என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இம்மலை மக்களிடம் வாழும் மற்றொரு சொல் 'நாடு'. நமக்கு நாடென்றால் தமிழ்நாடு, பிறநாடு. சவ்வாது மலையிலோ புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்பன உண்டு. சிற்றூர்கள் சில சேர்ந்த கூட்டே அங்கு நாடு. சோழர் கல்வெட்டுகளில் ஊர்கள் சேர்ந்து நாடாகவும், அந்நாட்டைப் பேசுவோர் நாட்டாராகவும் வருவதைக் கற்றோர் படித்து வியக்கின்றனர். ஏட்டிலும் கல்லிலும் நாம் தேடும் பொருளை அம்மக்கள் நாவிலேயே வைத்திருக்கின்றனர். அதே மலையில் காவலூரில் வைணு பாப்பு பெயரால் அமைந்த வானோக்ககம் இருக்கின்றது; அங்கு 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்டு விண்மீனைப் பார்க்கின்றனர். பாராட்டத்தக்க பணி. ஆனால், அதன் காலடியில் மின்னும் சொற்களைப் பார்க்க நம்மவர் எத்துணைப் பேர் ஏறிச் சென்றனர்?

சொல்லைக் காப்போம் என்கின்றோம். அச்சொல்லைச் சுமக்கும் வாயைக் காத்தோமா? 2015 ஏப்பிரல் 7-ஆம் நாள், ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தோர் என்று கூறி அம்மாநிலத் தனிப்படையினர் சுட்டதில் தமிழர் 20 பேர் மாண்டனர். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தோரே அவர்களுட் பெரும்பாலோர். சவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்திலும் வாழ்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். தம் மலையில் பிழைப்பின்றி, கூலிக்காக அயலார் மலைக்குப் போனவர்கள். மலை என்னும் சொல்லை முழுப்பொருளோடு வழங்கிய நாவுகள், 'அசலம்' என்று பெயர் பூண்ட ஒரு மலையில் அடங்கிப்போயின. இதனை எண்ணுந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது. சாமையும் தேனும் புளியும் கடுக்காயும் விளையும் மலையில், விளைவிப்பவனுக்கு உரிய விலை கிடைத்திருந்தால், அவன் மலையிறங்கியிருப்பானா? மொழிப்பற்று என்பது இவ்வினாவையும் உள்ளடக்கியதாதல் வேண்டும். இன்றேல் அது பாதிப் பற்றே.

இப்போது வேறொரு படையெடுப்பும் நிகழ்கின்றது. வடசொல் பெயர்ப்பலகையில் மட்டும் அமர்ந்தது என்றோம். ஆங்கிலமோ வேலைக்கே இறங்கிவிட்டது. மலையேற்றம் டிரெக்கிங் ஆயிற்று. மலைப்பாதை காட் ரோடு ஆயிற்று. கதையின் உச்சக் கட்டம் கிளைமாக்சு ஆயிற்று. வேலை பறிபோனால் பெயர் மட்டும் எத்துணைக் காலம் நிற்கும்? அசலம் பறிக்காததை ஆங்கிலம் பறிக்கின்றது. இதுவே இன்றைய பெரும் இடர்.

ஆகவே, தமிழன்பர்களே, செய்யத்தக்கன சில உள. முதலாவது, மலைமக்களின் சொற்களைத் தொகுத்தல். சொல்லை மட்டும் எழுதிவந்தாற் போதாது. எந்த வினையோடு, எந்தச் சூழலில், எந்தப் பொருளில் வழங்குகின்றது என்பதையும் எழுதுதல் வேண்டும். பாவாணர் சொற்பிறப்பியல் அகரமுதலிக்கெனத் தமிழக அரசு 1974-இல் தனித்துறை கண்டது; அத்தகைய பெரும்பணிக்கும் ஊர்தோறும் திரட்டிய சொல்லே உணவு. இரண்டாவது, பெயர்மீட்பு. மாயூரம் 1982-இல் மயிலாடுதுறையாக மீண்டது. முதுகுன்றம் மீள்வதற்குத் தடையென்ன? கிரிவலம் என்னும் பலகையில் மலைசுற்று என்றெழுத எத்துணைப் பொருட்செலவு ஆகிவிடும்? மூன்றாவது, நம் வீட்டுப் பேச்சு. விளக்கு மலையேறிய கதையை நம் பிள்ளைகட்குச் சொல்லுவோம். நான்காவது, மேற்சொன்ன மூன்றினும் முற்பட்டது: மலைமக்களின் உரிமைக் குரலோடு நம் குரலையும் சேர்த்தல். அவர்கள் மலையில் நிலைத்தால்தான் 'மலை' தமிழில் நிலைக்கும்.

அடுத்த முறை அமிர்திக்குச் செல்வோர், காட்சியகத்தோடு திரும்பிவிடாமல், மலையிலிருந்து இறங்கிவரும் ஒருவரிடம் சற்றே நின்று பேசுக. அவர் எதனை மலை என்கின்றார், எதனைக் காடு என்கின்றார், எதனை நாடு என்கின்றார் என்று கேளுங்கள். கேட்டதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சப்பானியக் கடைக்காரர் பழக்குவியலில் தம் மலையைக் காத்தார். நம் மலையைக் காக்கும் சொல் அம்மனிதரின் வாயில் இருக்கின்றது. அதுவும் மலையேறிவிடுமுன் நாம் மலையேறுவோம்.